கடையின் இரண்டாவது வாசல்

ஒரு வீட்டில் திருமணம் நடக்கவிருக்கிறது. மாலைக்குச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர் ஒருவர் கடைத்தெருவுக்கு நேரில் சென்று, நான்கு கடைகளில் விலை கேட்டு, மனத்துக்குப் பிடித்த கடையில் முன்பணம் கொடுத்துவிட்டு வருவார். இன்று அதே வீட்டில் ஒருவர் திறன்பேசியை எடுத்து, 'அருகிலுள்ள பூக்கடை' என்று தேடுகிறார். திரையில் மூன்று கடைகளின் பெயர்கள் வருகின்றன. ஒரு கடைக்குத் தொலைபேசி எண் இல்லை. மற்றொன்று மூடப்பட்டுள்ளதாகக் காட்டுகிறது. உண்மையில் அது திறந்துதான் இருக்கிறது. ஆகவே, மூன்றாவது கடைக்கே அழைப்பு போகிறது. மற்ற இரு கடைக்காரர்களுக்கும் ஒரு வாடிக்கையாளரை இழந்த செய்திகூடத் தெரியாது.

கூகுள் வரைபடத்தில் இருக்கும் கடைப் பதிவையும் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் விளம்பரப் பலகைகளாகவே பலர் கருதுகின்றனர். அவற்றைக் கடையின் இரண்டாவது வாசலாகக் கருதுவதே பொருத்தம். வாசலைப் பெருக்கி, விளக்கேற்றி, உரிய நேரத்தில் திறப்பது கடைக்காரரின் அன்றாடக் கடமை. இணைய வாசலுக்கும் அதே கடமை உண்டு. அதன் சாவி உரிமையாளரிடம் இருக்க வேண்டும். அங்குச் சொல்லப்படுவது உண்மையாக இருக்க வேண்டும். அந்த வாசல் வழியே வந்துபோகிறவர்களும் நாணயத்தோடு நடந்துகொள்ள வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், பாதிக்கப்படுவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்று கேட்பது தமிழர் வழக்கு. மல்லிகையின் மணமே ஆளை அழைத்து வரும் என்பது அதன் பொருள். பழைய கடைக்காரர்கள் பலர் இன்றும் இதையே சொல்கின்றனர். "முப்பது வருசமா இதே எடத்துல இருக்கோம். ஊருக்கே தெரியும். புதுசா எதுக்கு அதெல்லாம்?" என்பது அவர்களின் கேள்வி.

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. அத்தகைய கடைகளில் வாடிக்கையாளரும் கடைக்காரரும் அண்ணன், அக்கா என்று முறை சொல்லி அழைத்துக்கொள்வர். மாதக் கடைசியில் கடனுக்குப் பொருள் கொடுத்து, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளும் நம்பிக்கை அங்கு உண்டு. அந்த நம்பிக்கையை எந்தச் செயலியாலும் உண்டாக்க முடியாது. பொருளின் தரமும் பேச்சின் நேர்மையுமே ஒரு கடையின் அடித்தளம் என்பதில் ஐயமில்லை.

இருப்பினும், மணம் எட்டும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. தோட்டங்களிலிருந்து மக்கள் பட்டணங்களுக்கும் புதிய குடியிருப்புப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு, ஒரே தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் குறைந்துவிட்டனர். பழைய வாடிக்கையாளரின் மகள் இன்று வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அவர் குடியேறிய ஊரில் எந்தக் கடையில் நல்ல மிளகாய்த்தூள் கிடைக்கும் என்று சொல்ல அவருக்குப் பக்கத்து வீட்டு அத்தை இல்லை. அவர் கேட்பது திறன்பேசியைத்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இந்த எல்லை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உணவகங்களில் அமர்ந்து உண்ண அனுமதி இல்லை. அத்தியாவசியமற்ற கடைகள் மூடப்பட்டன. தொலைபேசி எண்ணும் உணவுப் பட்டியலும் இணையத்தில் இருந்த உணவகங்களைத் தேடிப் பிடிப்பது எளிதாக இருந்தது. பொட்டலம் கட்டிக் கொடுத்தாவது அடுப்பை எரியவைக்க அவற்றுக்கு ஒரு வழி இருந்தது. கடைத்தெருவில் நடந்துபோகும் கூட்டத்தை மட்டுமே நம்பியிருந்த கடைகளுக்கு, கூட்டம் நின்றதும் வழியும் நின்றது.

மேலும், கடைக்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவரது கடை ஏற்கெனவே இணையத்தில் இருக்கக்கூடும். கூகுள் வரைபடத்தில் விடுபட்ட ஓர் இடத்தைப் பொதுமக்களில் எவரும் சேர்க்கப் பரிந்துரைக்கலாம். அங்குப் படம் ஏற்றலாம், மதிப்புரை எழுதலாம், 'இக்கடை நிரந்தரமாக மூடப்பட்டது' என்றுகூடத் திருத்தம் பரிந்துரைக்கலாம். எனவே, "எங்களுக்கு இணையம் வேண்டாம்" என்று சொல்பவரின் கடையைப் பற்றியும் அங்கு யாரோ பேசிக்கொண்டுதான் இருக்கின்றனர். அதைக் கவனியாமல் இருப்பது, வாசலைத் திறந்துபோட்டுவிட்டு உறங்குவதற்குச் சமம்.

ஐந்து வரிகள்

இணையப் பக்கத்தைக் கவனிப்பது என்றதும் ஆடல் பாடல் காணொலிகளும் வண்ணச் சுவரொட்டிகளுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. அவை பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை. முதலில் சரியாக இருக்க வேண்டியவை ஐந்தே வரிகள். அவை கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், விற்கும் பொருள் அல்லது வழங்கும் சேவை ஆகியவையாகும். 2014ஆம் ஆண்டில் 'கூகுள் மை பிஸ்னஸ்' என்ற பெயரில் தொடங்கி, 2021ஆம் ஆண்டில் 'கூகுள் பிஸ்னஸ் புரொஃபைல்' எனப் பெயர் மாறிய சேவையில் இவற்றைப் பதிவுசெய்யக் கட்டணம் இல்லை. பதிவுசெய்பவர் கடையின் உரிமையாளர்தாமா என்பதைத் தொலைபேசி, மின்னஞ்சல், காணொலி போன்ற வழிகளில் உறுதிசெய்த பிறகு, பக்கம் அவர் பொறுப்பில் வருகிறது.

ஐந்து வரிகள்தானே என்று தோன்றலாம். ஆனால், பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நேர்கின்றன. முதலில் பெயரை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதுவதற்கு மலேசியாவில் ஒரே முறை வழக்கில் இல்லை. 'லெட்சுமி' என்ற பெயரையே நான்கைந்து விதமாக எழுதுவர். பெயர்ப்பலகையில் ஒரு விதமாகவும் முகநூலில் வேறு விதமாகவும் வரைபடத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தால், தேடுபவர் அவற்றை மூன்று வெவ்வேறு கடைகள் என்று எண்ணக்கூடும். பதிவுச் சான்றிதழில் உள்ள எழுத்துமுறையையே எல்லா இடங்களிலும் பயன்படுத்துவது நன்று.

முகவரியிலும் இதே கவனம் தேவை. கடைவீடுகள் வரிசை வரிசையாக உள்ள பட்டணங்களில், வரைபடத்தில் உள்ள குறி சற்று நகர்ந்திருந்தாலும் வேஸ் செயலி வாடிக்கையாளரைப் பின்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மாடியில் இருக்கும் தையல் கடைக்காரர் 'முதல் மாடி' என்று குறிப்பிடாவிட்டால், வந்தவர் கீழே நின்று தேடிவிட்டுத் திரும்பிப் போவார்.

நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தீபாவளி 2023ஆம் ஆண்டில் நவம்பர் 12ஆம் நாளும், 2024ஆம் ஆண்டில் அக்டோபர் 31ஆம் நாளும், 2025ஆம் ஆண்டில் அக்டோபர் 20ஆம் நாளும் வந்தது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இரவு வெகுநேரம்வரை திறந்திருக்கும் துணிக்கடை, பெருநாளுக்குப் பிறகு சில நாள்கள் மூடியிருக்கும். இத்தகைய மாற்றங்களைக் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் பதிவுசெய்யும் வசதி உண்டு. ஜொகூர் மாநிலத்தில் 2014ஆம் ஆண்டு முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து சனியும் ஞாயிறும் வார விடுமுறையாயின. அம்மாற்றத்துக்கு ஏற்பக் கடை நேரத்தை மாற்றிக்கொண்டவர், கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினால் மட்டும் போதாது. நாற்பது கிலோமீட்டர் வண்டியோட்டி வந்து பூட்டிய கதவைப் பார்த்த வாடிக்கையாளர் அந்த அறிவிப்பைப் படித்து மகிழப்போவதில்லை.

அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது, தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது ஆகிய மூன்றையும் முதன்மையாகக் கருதுவதாகக் கூகுள் நிறுவனம் விளக்கியுள்ளது. பணம் கொடுத்து அந்த வரிசையில் முன்னேற முடியாது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. விளம்பரம் என்ற குறிப்போடு மேலே வருபவை வேறு. ஆகவே, "மாதம் இத்தனை ரிங்கிட் கொடுங்கள், உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று தொலைபேசியில் உறுதி கூறுவோரிடம் கடைக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்றை அவர்கள் விற்க வருகிறார்கள்.

சாவி யாரிடம்?

பல குடும்பக் கடைகளில் இணையப் பக்கத்தைத் தொடங்கியவர் மகனாகவோ மகளாகவோ இருப்பார். "தம்பி, இதக் கொஞ்சம் பார்த்துக்கப்பா" என்று சொல்லித் தந்தை திறன்பேசியை நீட்டுவார். பிள்ளை தன் சொந்த மின்னஞ்சலைக் கொண்டு ஒரு பக்கத்தைத் தொடங்கும். முதல் மாதம் நாளுக்கு ஒரு படம் வரும்; அடுத்த மாதம் வாரத்துக்கு ஒன்று. ஐந்தாம் படிவம் முடித்து, மேற்படிப்புக்காக வேறு மாநிலத்துக்குப் போன பிறகு பக்கம் அப்படியே நின்றுவிடும். கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். கடையின் எண் மாறியிருக்கும். பக்கம் மட்டும் பழைய எண்ணோடும் பழைய விலையோடும் ஊரை அழைத்துக்கொண்டிருக்கும்.

வேறு சிலர் இப்பொறுப்பை முகவர்களிடம் ஒப்படைக்கின்றனர். அதில் தவறில்லை. வரிக் கணக்கைக் கணக்காளரிடம் கொடுப்பதைப் போன்றதுதான் அது. ஆனால், முகவர் தம் பெயரிலேயே பக்கத்தைப் பதிந்துகொண்டால், ஒப்பந்தம் முடியும் நாளில் சிக்கல் எழும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த மதிப்புரைகளும் படங்களும் பின்தொடர்வோரும் அவர் கையில் மாட்டிக்கொள்வர். கடையை வாடகைக்கு விடும் எவரும் நிலத்தின் பட்டாவையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. இணையப் பக்கத்துக்கும் அதே விவேகம் வேண்டும்.

இதற்கான வழி கடினமானதன்று. கூகுளும் முகநூலும் ஒரே பக்கத்தைப் பலர் வெவ்வேறு அளவு அதிகாரத்தோடு கையாள இடம் தருகின்றன. முழு அதிகாரம் கடைக்காரரிடம் இருக்கட்டும். பிள்ளையோ முகவரோ நிருவாகியாகச் செயல்படட்டும். கடைக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இணைத்துவிட வேண்டும். கடவுச்சொல்லை எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுவதும் நல்லதே.

"அறுபது வயதுக்காரருக்கு இதெல்லாம் புரியுமா?" என்று சிலர் கேட்கலாம். முந்நூறு பொருள்களின் விலையை மனத்திலேயே வைத்திருப்பவருக்குக் கடை நேரத்தை மாற்றும் நான்கு படிகள் புரியாமல் போகாது. குறைவது பெரும்பாலும் கற்றுக்கொடுப்பவரின் பொறுமைதான். திறன்பேசியைக் கையிலிருந்து வாங்கி, அரை நிமிடத்தில் செய்துகொடுத்துவிடுவது எளிது. பக்கத்தில் அமர்ந்து, பெரியவரின் விரலாலேயே அதைச் செய்யவைப்பது கடினம். முன்னது அன்றைய வேலையை முடிக்கும். பின்னது அவரை யாரையும் எதிர்பாராதவராக ஆக்கும்.

உரிமையாளரின் பங்கு பக்கத்தின் உள்ளடக்கத்துக்கும் நல்லது. எங்கிருந்தோ எடுத்த 'இனிய காலை வணக்கம்' படத்தால் மளிகைக் கடைக்கு ஒரு பயனும் விளையாது. 'இன்று காலை கேமரன் மலையிலிருந்து பச்சைக் காய்கறி வந்துள்ளது', 'வெள்ளிக்கிழமைக்கு வாழையிலை வேண்டுவோர் நாளைக்குள் சொல்லிவிடுங்கள்' போன்ற இரண்டு வரிகள் வாடிக்கையாளரை எழுந்து வரச் செய்யும். அச்செய்தி கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். எந்த முகவராலும் அதைக் கற்பனையில் எழுத முடியாது.

நட்சத்திரங்களின் எடை

இணையப் பக்கத்தில் கடைக்காரரின் கையில் இல்லாத பகுதி ஒன்று உண்டு. அதுதான் மதிப்புரை. வாங்கிய பொருளைப் பற்றியும் உண்ட உணவைப் பற்றியும் கருத்துக் கூறுவது பயனீட்டாளரின் உரிமை. கெட்டுப்போன உணவு பரிமாறப்பட்டால் அதை உள்ளபடி எழுதுவது பிறருக்குச் செய்யும் உதவியும் ஆகும். எனினும், அந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை அறியாமலே பலர் அதை அழுத்திவிடுகின்றனர்.

ஒரு சிறிய கணக்கைப் பார்க்கலாம். புதிதாகத் திறந்த உணவகம் ஒன்றுக்குப் பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துள்ளனர். சராசரி 5.0. மூன்று நண்பர்கள், அங்கு ஒருநாளும் சாப்பிடாதவர்கள், விளையாட்டாக ஆளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கின்றனர். எளிய சராசரியாகக் கணக்கிட்டால் மதிப்பீடு 4.1ஆகக் குறைந்துவிடுகிறது. அது மீண்டும் 4.8ஐத் தொட, இன்னும் 47 பேர் ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும். இருநூறு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துள்ள பெரிய உணவகத்துக்கு அதே மூவர் அதையே செய்தால், சராசரி 4.9ஆக நிற்கும். ஆக, ஒரே அடி சிறியவர்மீதுதான் பலமாக விழுகிறது. விளையாடியவர்களுக்கு ஆன நேரம் அரை நிமிடம். அதை ஈடுசெய்யக் கடைக்காரருக்குப் பல மாதங்கள் ஆகலாம். வாடகை அதுவரை காத்திருக்காது.

கடைக்காரர்களும் இவ்விசயத்தில் தவறு செய்வதுண்டு. உறவினர் எல்லாரையும் கூட்டி ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும், 'ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஒரு தே தாரிக் இலவசம்' என்று மேசையில் எழுதி வைப்பதும் ஏமாற்று வேலையே. மதிப்புரைக்குக் கைம்மாறு கொடுப்பதைக் கூகுளின் விதிமுறைகளும் தடைசெய்கின்றன. தராசின் தட்டில் விரலை வைத்து அழுத்தும் வணிகருக்கும் இவர்களுக்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

பிடிக்காத மதிப்புரையைக் கடைக்காரரால் அழிக்க முடியாது. விதிமுறையை மீறியதாக இருந்தால் புகார் செய்யலாம். இல்லாவிட்டால், பதில் எழுதலாம். அந்தப் பதிலில்தான் கடையின் பண்பு தெரியும். "பிடிக்கலன்னா வராதீங்க" என்று சினத்தோடு எழுதியவர் ஒரு சண்டையில் வென்றிருக்கலாம். "வணக்கம். ஞாயிறன்று கூட்டம் அதிகமாக இருந்தது. உங்களை நெடுநேரம் காத்திருக்க வைத்ததற்கு வருந்துகிறோம். இப்போது மதிய நேரத்துக்கு இன்னோர் ஆளைச் சேர்த்துள்ளோம்" என்று எழுதியவர் பல வாடிக்கையாளர்களை வென்றிருக்கிறார். ஏனெனில், அப்பதிலைப் படிக்கப்போகிறவர் குறைகூறியவர் மட்டும் அல்லர். நாளை அந்தக் கடைக்குப் போகலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் எல்லாரும் படிப்பர்.

சொல்லில் நாணயம்

இணையத்தில் விற்பனை செய்வதால் ஒருவர் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடுவதில்லை. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கியவர் 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட இணைய வணிக விதிமுறைகளின்படி, விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முழு விலை ஆகியவை பக்கத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். 'விலை அறிய பி.எம். செய்க' என்று எழுதிப் பழகிவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடையில் விலைச்சீட்டு ஒட்டாமல் ஆளுக்கொரு விலை சொல்வதை வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். இணையத்தில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

உணவு விசயத்தில் இன்னும் கவனம் தேவை. முறையான சான்றிதழ் பெறாமல் 'ஹலால்' என்று குறிப்பிடுவது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். 'சுத்த சைவம்' என்று எழுதுபவரும், அச்சொல்லை நம்பி விரத நாளில் உண்ண வருபவரை மனத்தில் கொள்ள வேண்டும். ஏமாற்றப்பட்ட பயனீட்டாளர் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முன்வைக்கலாம். நட்சத்திரத்தைவிட வலிமையான வழி அது.

வாடிக்கையாளரின் தனியுரிமையும் நாணயத்தில் அடங்கும். கடையில் சேலை வாங்கியவரின் படத்தை அவர் அனுமதியின்றிப் பக்கத்தில் ஏற்றுவது முறையன்று. சிறுவர் படமாக இருந்தால் பெற்றோரிடம் கேட்காமல் ஏற்றவே கூடாது. வாட்ஸ்அப் எனும் புலனத்தில் வாடிக்கையாளர் அனைவரையும் ஒரே குழுவில் சேர்த்துவிட்டால், ஒருவரின் எண் முன்பின் அறியாத மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தினால், செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சென்று சேரும். வணிகத்தில் பெறப்படும் தனிநபர் விவரங்களைக் காக்கவே 2010ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

பக்கத்தில் தமிழ் இருக்கட்டும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு எனத் தமிழர் கடைகள் நிறைந்த தெருக்களில் நடந்தால் பெயர்ப்பலகைகளில் மலாய், ஆங்கிலத்தோடு தமிழையும் காணலாம். அக்கடைகளில் பலவற்றின் இணையப் பக்கங்களைத் திறந்தாலோ தமிழ் ஒரு வரிகூட இருப்பதில்லை. "எல்லா இனத்தவரும் வருகிறார்கள்; தமிழில் எழுதினால் யாருக்குப் புரியும்?" என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

அக்காரணத்தில் பாதி உண்மை உண்டு. தோசைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மலாய்க்காரர்களும் சீனர்களும் விரும்பி வருகின்றனர். தமிழில் மட்டும் எழுதினால் அவர்களுக்குப் புரியாது. ஆனால், மூன்று மொழிகளிலும் எழுத இணையத்தில் இடம் பற்றாக்குறையா என்ன? தேசிய மொழியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி என எழுதுவதால் எவரும் விலகிப்போக மாட்டார். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் பேரனின் உதவியின்றிச் சித்த மருந்துக் கடையின் நேரத்தை அறிந்துகொள்வார். தமிழில் தேடுபவருக்கும் அக்கடை கண்ணில் படும். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத கடைக்காரர், பேசுவதை எழுத்தாக மாற்றும் வசதியைத் திறன்பேசியிலேயே பயன்படுத்தலாம். பிழை திருத்திக் கொடுக்கத் தமிழ்மொழி பயிலும் மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இரவல் நிலம்

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் எச்சரிக்கை தேவை. சமூக ஊடகப் பக்கம் கடைக்காரரின் சொந்த நிலம் அன்று. ஒரு காலத்தில் மலேசிய இளைஞரிடையே பெரும்புகழ் பெற்றிருந்த ஃபிரண்ட்ஸ்டர் தளத்தை 2009ஆம் ஆண்டில் மலேசிய நிறுவனம் ஒன்றே வாங்கியது. 2011ஆம் ஆண்டில் அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது, பயனர்கள் சேர்த்துவைத்த படங்களும் பதிவுகளும் நீக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் முகநூலும் இன்ஸ்டாகிராமும் புலனமும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. மலேசியாவில் அது நள்ளிரவை ஒட்டிய நேரம். பகல் வேளையாக இருந்திருந்தால், புலனத்தில் மட்டுமே கேட்புகளைப் பெறும் உணவகங்கள் ஒரு நாள் வருமானத்தை இழந்திருக்கும்.

ஆதலால், இரண்டாவது வாசல் திறந்துவிட்டது என்பதற்காக முதல் வாசலை மூடிவிடக்கூடாது. வாடிக்கையாளரின் எண்களை ஒரு புத்தகத்திலும் எழுதி வைத்திருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் தொலைபேசி எண் தெளிவாக இருக்க வேண்டும். தொலைபேசி மணி அடித்தால் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்று பேச ஓர் ஆள் இருக்க வேண்டும்.

மாணவரால் ஆவது

இணையத்தைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மாணவர்களை எச்சரிப்பதோடு நின்றுவிடுகின்றன. இங்கு அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது எச்சரிக்கை மட்டும் அன்று. பெரும்பாலான கடைக்காரர்களைவிட இக்கருவிகளை நன்கு அறிந்தவர்கள் அவர்களே. வீட்டுக்கு அருகிலுள்ள ஒட்டுக்கடை, மளிகைக்கடை, முடிதிருத்தும் நிலையம், தையல் கடை என ஏதேனும் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அந்த ஐந்து வரிகளையும் உரிமையாளரோடு சேர்ந்து சரிபார்த்துவிடலாம். எண் சரியா, நேரம் சரியா, வரைபடக் குறி கடையின் முன்வாசலில் நிற்கிறதா, பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

உண்மையாகவே பிடித்திருந்தால் அக்கடைக்கு ஒரு மதிப்புரையும் எழுதலாம். 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லைவிட, 'இங்கு வடை மாலை நான்கு மணிக்குச் சூடாகக் கிடைக்கும்' என்ற ஒரு வரி பயனுள்ளது. குறை இருந்தால் முதலில் கடைக்காரரிடம் நேரில் சொல்லலாம். திருத்தப்படாவிட்டால் நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

வேலை முடிந்து எழுந்து வரும்போது கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. கடையின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். மாணவரின் திறன்பேசியில் அன்று. அடுத்த தீபாவளிக்கு நேரத்தை மாற்ற அவர் எவரையும் தேடி அலையாமல், தாமே மாற்றிக்கொண்டால் அந்த ஒரு மணி நேரம் வீண்போகவில்லை என்று பொருள்.